ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: பழைய எழுத்துருவில் சிக்கிய தமிழை மீட்பது எப்படி?

மதுரை சிம்மக்கல்லில் நான் வேலை பார்க்கும் டி.டி.பி. சென்டருக்குச் சென்ற வைகாசியில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரு குறுந்தகட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். 2003இல் அவருடைய வீட்டில் நடந்த காதணி விழாவின் மொய் நோட்டைக் கரையான் அரிக்கத் தொடங்கியதும், யாரோ ஒரு தட்டச்சரைப் பிடித்து அதை வேர்டு கோப்பாக அடித்து வாங்கி வைத்திருந்திருக்கிறார். இப்போது ஊரில் அடுத்தடுத்து விசேஷங்கள் வருகின்றன. யார் எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்துத்தான் திருப்பிச் செய்முறை செய்ய வேண்டும். கோப்பைத் திறந்தேன். வலப்பக்கத்தில் 51, 101, 501, 1001 என்று தொகைகள் ஒன்றுகூடப் பிசகாமல் நின்றன. ஊரும் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதும் பெரியதுமாக ஆங்கில எழுத்துகளும், நடுநடுவே அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடந்தன.

“தொகையெல்லாம் சரியா இருக்கு தம்பி, ஆளுகதான் இல்ல” என்றார் அவர்.

இப்படிப்பட்ட கோப்புகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. ஏறத்தாழ 2010 வரை தட்டச்சான கோயில் வரலாறு, குலதெய்வ வழிபாட்டுக் குறிப்பு, சங்கத்து உறுப்பினர் பட்டியல், கிரயப் பத்திர வரைவு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதி அச்சேறாமல் போன கவிதை என்று பலவும் இன்றைய கணினியில் திறந்தால் இதே கோலத்தில் தெரியும். பெரும்பாலோர் ‘ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது’ என்று முடிவு கட்டி அழித்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பத்தில் ஒன்பது கோப்புகளில் ஓர் எழுத்துகூடக் கெட்டிருக்காது என்பது என் அனுபவம். அவற்றை மீட்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோப்புக்குள் இருப்பது என்ன

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆங்கில விசைப்பலகையின் சிறிய கே எழுத்துக்கு 107 என்ற எண் உண்டு. தமிழுக்கென்று தனி எண்கள் பரவலாகப் புழங்காத காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் ஒரு சாமர்த்தியமான வேலை செய்தார்கள். 107 என்ற எண் வந்தால் திரையில் கே எழுத்தின் உருவத்தை வரையாமல் ‘ம’ உருவத்தை வரையும்படி எழுத்துருவைத் தயாரித்தார்கள். பாமினி எழுத்துருவில் அப்படித்தான் இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் கோப்பில் பதிவாவது சிறிய ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலையில் உட்காரும் புள்ளி. ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ‘மதுரை’ என்பது சிறிய கே, பெரிய ஜே, சிறிய ஐ, சிறிய யூ. இதில் ஐ என்பது ஐகாரக் கொம்பு, யூ என்பது ரகரம். அதாவது கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு ரகரத்தை எழுதுவதைப் போலவே கோப்பிலும் கொம்பு முன்னால் நிற்கிறது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பிழை திருத்தும்போது உதவும்.

எழுத்துரு கணினியில் இருக்கும்வரை எல்லாம் தமிழாகத் தெரியும். கணினியை மாற்றியதும் எழுத்துரு போய்விடுகிறது; எண்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. புதிய கணினி 107ஐப் பார்த்து, தனக்குத் தெரிந்தபடி கே என்று காட்டுகிறது. அது பொய் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. நாம் யாரோ ஒருவருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு என்ற தரம் இந்த ஒப்பந்தத்தைப் பொதுவாக்கியது. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் ‘ம’ எழுத்தின் எண் 2990. அந்த எண்ணை ஆங்கிலமோ கிரேக்கமோ வேறு எதுவுமோ பங்கு கேட்க முடியாது. ஆனாலும் அது நம் மேசைகளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு எட்டுபிட்டுக் குறியேற்றங்களையும் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைதான் குறியேற்றம்) தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது; 2010இல்தான் யூனிகோடை அரசுத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கு ஓர் எழுத்துரு, கடைக்கு ஒரு குறியேற்றம் என்று நடந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கல்யாணப் பத்திரிகைக்கு ஒன்றும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு ஒன்றுமாக அப்போது வைத்திருந்தேன்.

பெரியவரின் கோப்பு தமிழ்க் கோப்பா, ஆங்கிலக் கோப்பா என்று கேட்டால் என்ன சொல்வது? உள்ளே தமிழ் எண் ஒன்றுகூட இல்லை. வெளியே தெரிவது எந்த மொழியும் இல்லை. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறது தொல்காப்பிய உரியியல். ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்காது என்று அதற்குப் பொருள். சொல்லுக்கே அப்படியென்றால், 107க்கும் மகரத்துக்கும் என்ன உறவு? யாரோ ஒருவர் ஒருநாள் வைத்தார்; அவர் வைத்ததை நாம் ஒப்புக்கொண்டோம். அபத்தம் என்பது மனிதனிடத்திலும் இல்லை, உலகத்திலும் இல்லை, இரண்டும் நேருக்கு நேர் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1942இல் எழுதினார். அவர் பேசியது வாழ்க்கையைப் பற்றி. பெரியவருக்கும் அந்தத் திரைக்கும் நடுவில் நின்றபோது, அது இந்த மொய்க் கோப்புக்கும் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றியது. கோப்பிலும் குற்றமில்லை, அவர் கண்ணிலும் குற்றமில்லை. அதனால்தான் கோப்பைப் ‘பழுது பார்க்க’ முயலக் கூடாது என்று சொல்கிறேன். நடுவில் அறுந்துபோன ஒப்பந்தத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் வேலை: தொடாமல் இருப்பது

குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ இருக்கும் கோப்பை நேரடியாகத் திறக்காதீர்கள். முதலில் கணினியில் ஒரு தனிக் கோப்புறைக்கு நகலெடுங்கள். அந்த நகலின் மேல் வலச்சொடுக்கி, பண்புகளில் ‘படிக்க மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இன்னொரு நகல் எடுத்து, அதில்தான் வேலை செய்ய வேண்டும். இப்போதைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் குறுந்தகடு போடும் இடமே கிடையாது என்பதால், யூஎஸ்பியில் செருகும் தனி டிரைவ் ஒன்று தேவைப்படும். கீறல் விழுந்த தகடு ஒரு டிரைவில் படிக்காவிட்டால் இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். பல நேரம் படித்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவருடைய தந்தையின் கடிதங்களைப் பாடுபட்டு யூனிகோடுக்கு மாற்றி, நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன். 2019க்கு முந்தைய விண்டோஸில் நோட்பேடு தானாகத் தேர்ந்தெடுப்பது ஆன்சி என்ற பழைய குறியேற்றம். யூனிகோடு எழுத்துகள் இழக்கப்படும் என்று அது எச்சரிக்கைப் பெட்டி ஒன்றைக் காட்டத்தான் செய்தது. நான் படிக்காமல் ‘ஓகே’ கொடுத்தேன். மறுநாள் திறந்தால் கடிதம் முழுக்கக் கேள்விக்குறிகள். ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறி. இடைவெளிகளும் முற்றுப்புள்ளிகளும் மட்டும் தத்தம் இடத்தில் இருந்தன. மூலக் கோப்பு பத்திரமாக இருந்ததால் வேலையைத் திரும்பச் செய்தேன். இல்லையென்றால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பது

வேர்டு கோப்பாக இருந்தால் வேலை சுலபம். குழம்பிய எழுத்துகளின் நடுவில் சொடுக்கிவிட்டு, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயரை வேர்டு அந்தப் பெட்டியில் காட்டும். பிடிஎஃப் என்றால் ஆவணப் பண்புகளில் எழுத்துருக்கள் என்ற பக்கத்தைத் திறந்தால் பட்டியல் கிடைக்கும். பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால் பெயர் கிடைக்காது. முகத்தைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். விசைப்பலகையில் நேரடியாக இருக்கும் ஆங்கில எழுத்துகளே பெரும்பாலும் தெரிந்து, சொற்களின் நடுவிலும் கடைசியிலும் அரைப்புள்ளிகள் இறைந்து கிடந்தால் அது பாமினி வகை என்று கொள்ளலாம். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி இல்லாமல் இரண்டு சொல் சேர்த்து எழுதுவதே அரிதல்லவா, அதனால் அரைப்புள்ளி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே இரட்டைப் புள்ளியும் கீற்றும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவே தெரிந்தால் திஸ்கி, டாம், டாப் ஆகிய குறியேற்றங்களில் ஒன்றாக இருக்கக்கூடும். இரண்டும் கலந்து தெரிந்தால், குறிப்பாக அது அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த சுற்றறிக்கை என்றால், முதலில் வானவில் எழுத்துரு என்று வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

இன்னும் மூன்று முகங்கள் உண்டு. அவை பழைய எழுத்துருக்களின் முகங்கள் அல்ல. வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் கோப்பு நல்ல யூனிகோடுதான், லதா அல்லது நிர்மலா போன்ற தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை என்று பொருள்; எழுத்துருவை நிறுவினால் போதும். தலையில் கீற்று விழுந்த சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக மூன்றெழுத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் யூனிகோடுதான். யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் உண்டு. அவற்றைத் தனித்தனி எழுத்துகளாகத் தவறாக வாசித்தால் இப்படித் தெரியும். திறக்கும்போது குறியேற்றத்தை யூடிஎஃப் 8 என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்துவிடும். எக்செல்லில் சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும். டேட்டா பட்டியில் உள்ள வழியாக உள்ளே இழுத்து, கோப்பின் மூலம் என்ற இடத்தில் 65001 என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது முகம் கேள்விக்குறி. அது தெரிந்தால் அந்த நகலில் தமிழ் இல்லை. வேறு நகலைத் தேடுங்கள்.

ஊகம் தவறாகப் போனால் என்ன ஆகும்? பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் ‘மாற்றி’ நிரல் தன் வேலையைச் செய்து, வேறொரு குப்பையைத் தரும். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மீனாட்சிபுரத்து மலையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளுக்கு மேலே வெட்டிய எழுத்துகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அசோகர் காலப் பிராமி எழுத்தை அதற்கு முன்பே படித்துவிட்டிருந்தார்கள். ஆகவே உருவங்கள் அறிஞர்களுக்குப் புதியவை அல்ல. ஆனாலும் பிராகிருதம் என்ற எண்ணத்தோடு படித்ததால் சொற்கள் கூடிவரவில்லை. அவற்றில் இருப்பது தமிழ் என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார்; ழ, ள, ற, ன போன்ற எழுத்துகளுக்கு அங்கே தனி உருவங்கள் இருப்பது துப்பாக அமைந்தது. நெடுஞ்செழியன் என்ற பெயர் அந்தக் கல்லில் இருக்கிறது. அந்தப் பாறைக்கடியில் மழைக்கு ஒதுங்கிய ஆடு மேய்ப்பவர்கள் எத்தனை தலைமுறை அதை வெறும் கீறலாகப் பார்த்திருப்பார்கள்! கல் கெடவில்லை, எதை எதுவாக வாசிப்பது என்ற அட்டவணைதான் தவறு. நம் கதையும் அதுதான்; நமக்கு நாற்பதாண்டு காத்திருக்கத் தேவையில்லாமல் கீழிறங்கு பட்டியலில் அடுத்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பது ஒரு வசதி.

மாற்றுவது

எழுத்துருக் கோப்பு கிடைத்தால் முதலில் அதை நிறுவி, ஆவணத்தைத் தமிழாகவே பார்த்து, ஒரு பிரதி அச்செடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சாட்சி. ஆனால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நிறுவிய கணினியில் மட்டுமே அது தமிழ். வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பினால் அங்கே மறுபடியும் ஜே கே பி ஓ.

மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. என்எச்எம் கன்வெர்ட்டர் கணினியில் நிறுவிக்கொள்வது. சுரதா போன்றவை உலாவியிலேயே வேலை செய்வன. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பைத்தானில் ஓப்பன் தமிழ் என்ற தொகுப்பு இருக்கிறது, நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் மாற்ற அது நல்லது. குடும்பக் கடிதம், பத்திரம் போன்றவற்றை இணையப் பக்கத்தில் ஒட்டத் தயங்குபவர்கள் ஒரு சோதனை செய்யலாம். பக்கம் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மாற்றிப் பாருங்கள். மாற்றம் நடந்தால் அது உங்கள் உலாவிக்குள்ளேயே நடக்கிறது, எங்கும் போகவில்லை.

ஒரே ஒரு வரியை எடுத்து மாற்றிப் பார்த்து, அட்டவணை சரி என்று உறுதியான பிறகே முழுக் கோப்புக்கும் போங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கு முன்பே தெரிந்த சொல் ஏதாவது இருக்கும் இடமாகப் பாருங்கள். மொய்ப் பட்டியலில் எனக்கு அது ஊர்ப்பெயராக அமைந்தது. ஒரே எழுத்துக் கூட்டம் வரிக்கு வரி திரும்பத் திரும்ப வந்தால் அது விசேஷ வீட்டாரின் ஊராகத்தான் இருக்கும் என்று ஊகித்தேன். பாமினி அட்டவணையைக் கொடுத்ததும் உசிலம்பட்டி என்று வந்து நின்றது. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே வந்துவிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாற்றிக்குத் தமிழ் எது, ஆங்கிலம் எது என்று தெரியாது. ஆவணத்தின் நடுவில் உண்மையிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்த முகவரியையும் அது தமிழென்று எண்ணி உருட்டிவிடும். பாமினியில் காற்புள்ளி விசையின் இடத்தில் ‘இ’ இருப்பதால், ஆங்கிலப் பகுதியில் இருந்த காற்புள்ளிகள் எல்லாம் இகரமாக மாறி நிற்கும். ஆகவே மாற்றுவதற்கு முன் வேர்டில் ‘தேடி மாற்று’ பெட்டியைத் திறந்து, எழுத்துருவை நிபந்தனையாகக் கொடுத்து, ஆங்கில எழுத்துருவில் உள்ள பகுதிகளுக்கெல்லாம் சிவப்பு நிறம் ஏற்றிவிடுங்கள். சிவப்பானவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் மாற்றுங்கள். மொய்ப் பட்டியல் போலக் கட்டம் போட்ட ஆவணமாக இருந்தால் இன்னும் எளிது: பெயரும் ஊரும் உள்ள நெடுவரிசைகளை மட்டும் நகலெடுத்து மாற்றி, திரும்ப அதே இடத்தில் ஒட்டலாம், தொகை நெடுவரிசையைத் தொடவே வேண்டாம்.

சரிபார்ப்பது

பெரும்பாலோர் மாற்றியவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். என் கணக்கில் பாதி வேலை இனிமேல்தான் இருக்கிறது.

முதலில் ஔகாரத்தைப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கு ளகரத்தையே அடித்துவிடுவது வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் கணினிக்கு ‘ஔவை’ வேறு, ஒகரமும் ளகரமும் சேர்ந்த ‘ஒளவை’ வேறு. தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் வேறிடத்தில் போய் உட்காரும். கௌரி, சௌந்தரம், பௌர்ணமி போன்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். அதேபோலத் துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கலாம். கொம்புகள் எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருந்தன என்று சொன்னேன் அல்லவா. யூனிகோடில் அவை எழுத்துக்குப் பின்னால் பதிவாக வேண்டும். வரி மடங்கும் இடத்தில் யாராவது என்டர் தட்டியிருந்தால் கொம்பு மேல் வரியிலும் எழுத்து கீழ் வரியிலுமாகப் பிரிந்து கொம்பு தனியே தொங்கும். புள்ளிவட்டத்தின் மேல் தொங்கும் கொம்பைக் கண்டால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இதைவிட வேடிக்கையானது தானியங்கித் திருத்தம் செய்துவைத்த கோளாறு. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் பழக்கம் வேர்டுக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு அது உபகாரம். பாமினியில் சிறிய எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. எனவே ‘அவர்’ என்று அடித்தால் ‘ஆவர்’ என்று ஆகிவிடும். சிறிய எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வசதி ஒன்றும் வேர்டில் இருப்பதால், பெரியவரின் பட்டியலில் சில பக்கங்களில் கருப்பையாக்கள் எல்லாம் குருப்பையா ஆகியிருந்தார்கள். மாயாண்டியின் மகரம் ‘மு’ ஆகி, அதன்மேல் ஒரு துணைக்காலும் ஏறிக்கொண்டு, எந்தத் தமிழ் வாயாலும் சொல்ல முடியாத ஓர் உருவம் நின்றது. தட்டச்சு செய்தவர் அவசரத்தில் கவனிக்கவில்லை போலும். ஆனால் இந்தச் சொல்ல முடியாத உருவங்கள் நமக்கு நன்மையே செய்கின்றன: உகரக் குறியை அடுத்துத் துணைக்கால் வரும் இடங்களைத் தேடச் சொன்னால் இந்த வகைப் பிழையெல்லாம் வரிசையாக அகப்படும். குருப்பையா போன்றவைதான் ஆபத்து, ஏனென்றால் அவை பெயர் மாதிரியே இருக்கின்றன. அவற்றைக் கணினியால் பிடிக்க முடியாது. ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். நான் ஒரு வரியைப் படிப்பேன், அவர் “அது குருப்பையா இல்ல, நம்ம வடக்குத் தெரு கருப்பையா. தவறிட்டாரு. இப்ப மகன்தான் பார்க்கிறான், அவனுக்குச் செய்யணும்” என்பார். நான் திருத்துவேன். அப்படி நானூற்றுச் சொச்சம் வரிகள். நடுவில் ஓரிடத்தில் தொகைக்குப் பதிலாக ‘கிடா 1’ என்றும் இன்னோரிடத்தில் ‘அண்டா 1’ என்றும் வந்தன. அவற்றைத் தொகை நெடுவரிசையில் போட்டிருந்ததால் நான் மாற்றாமல் விட்டிருந்தேன். எண் நெடுவரிசையைத் தொட வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இந்த விதிவிலக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிடுங்கள்.

பேஜ்மேக்கரும் அச்சுப் பிரதியும்

மலர், நூல், அழைப்பிதழ் போன்றவை பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரலில் செய்தவையாக இருக்கும். பேஜ்மேக்கர் ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. இன்டிசைனின் சிஎஸ் 6 வரையான பதிப்புகள் அந்தக் கோப்புகளைத் திறக்கும். அது கையில் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸில் முயலலாம், 4.4 பதிப்பிலிருந்து அதன் டிரா நிரல் பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கிறது. பக்க அமைப்பு கலைந்துபோகும், கவலைப்படாதீர்கள். நமக்கு வேண்டியது எழுத்துதான். பிடிஎஃப்பில் தமிழ் அழகாகத் தெரிந்தாலும் நகலெடுத்து ஒட்டினால் பழைய கதைதான். ஒட்டியதை மேலே சொன்னபடி மாற்ற வேண்டும்.

எதுவும் கைகூடாமல் தாளில் அச்சிட்ட பிரதி மட்டும் இருந்தால், அதை நன்றாக வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, கூகுள் டாக்ஸிலோ டெசராக்ட் நிரலிலோ கொடுத்து எழுத்துணரச் செய்யலாம். அச்சுத் தெளிவாக இருந்தால் நன்றாகவே வரும். அட்டவணைகளில் மட்டும் வரிகள் கலந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பது

வேர்டு கோப்பாக ஒன்று, யூடிஎஃப் 8 குறியேற்றத்தில் வெறும் எழுத்துக் கோப்பாக ஒன்று, பிடிஎஃப்பாக ஒன்று, தாளில் ஒரு பிரதி என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். கோப்பின் பெயரையும் ‘நியூ 2’, ‘ஃபைனல் 3’ என்று வைக்காமல் ‘காதணி விழா மொய் 2003’ என்று தமிழிலேயே வையுங்கள். இப்போது எல்லாக் கணினியும் ஏற்கும். முதல் வரியில், இது எந்த எழுத்துருவிலிருந்து, எந்தத் தேதியில் மாற்றியது என்று ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள். மூலக் கோப்பையும் அந்தப் பழைய எழுத்துருவையும் அழிக்காமல் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். இருபதாண்டு கழித்து யாராவது நம் திருத்தத்தின்மேல் சந்தேகப்பட்டால் அவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.

மாற்றியபின் பட்டியலை அகரவரிசையில் அடுக்கினோம். பாமினியில் இருந்தவரை அடுக்கினால் ஆங்கில எழுத்து வரிசைப்படிதான் வரும். இப்போது ஊர்வாரியாகவும் பெயர்வாரியாகவும் ஒழுங்காக வந்தது. பெரியவர் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு ஒரு பெயரைத் தேடிப் பார்த்தார், கிடைத்ததும் சிரித்தார். கடைசிப் பக்கத்தில், பிழை எதுவும் இல்லாமல் மாறியிருந்த வரி ஒன்றில் ஊர்க் கட்டம் காலியாக இருந்தது. பெயர்க் கட்டத்தில் ‘பச்சைத் துண்டு போட்டவர்’ என்று இருந்தது. தொகை 101. மொய் எழுதியவர் பந்தல் நெரிசலில் பெயர் கேட்க மறந்திருப்பார் போலிருக்கிறது. நோட்டில் இருந்ததைத் தட்டச்சர் அப்படியே அடித்திருக்கிறார், நானும் அப்படியே மாற்றியிருக்கிறேன்.

“இந்த வரியை எடுத்துரவா ஐயா?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டு, திரும்ப ஒருமுறை படித்தார். “இருக்கட்டும் தம்பி” என்றார். “எந்த விசேஷத்துலயாவது ஆளு தட்டுப்படும்.”